மருந்தடித்தபின் பெருகிய புழு

கொல்லையில் நாலு வெண்டைச் செடி வைத்தவர்களுக்குக்கூட இந்தச் சந்தேகம் வந்திருக்கும். பூச்சி விழுந்தது என்று மருந்து அடிக்கிறோம். ஒரு வாரம் செடி பளிச்சென்று இருக்கிறது. மூன்றாம் வாரம் பார்த்தால் முன்பு இருந்ததைவிடக் கூடுதலாகப் பூச்சி. சில சமயம் அதுவரை கண்ணில் படாத புதுப் பூச்சி ஒன்றும் கூடவே வந்திருக்கும். கடைக்காரரிடம் கேட்டால் மருந்து போதவில்லை, இன்னும் கடுமையானதாக அடியுங்கள் என்பார். பக்கத்து வீட்டுக்காரர் பூச்சிக்கு மருந்து பழகிப்போய்விட்டது என்பார். இரண்டும் சில நேரங்களில் உண்மைதான். ஆனால் மூன்றாவது காரணம் ஒன்று இருக்கிறது. பல இடங்களில் அதுவே முதல் காரணம்.

அந்தக் காரணத்தைப் பெரிய அளவில், கையும் களவுமாகப் பிடித்துக் காட்டிய இடங்களில் ஒன்று மலேசியாவின் ஜொகூர் மாநிலம். அங்கே குளுவாங்குக்கும் கூலாய்க்கும் இடையில், ரயில் பாதையை ஒட்டி லாயாங்-லாயாங் என்ற சிற்றூர் இருக்கிறது. சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். அறுபது ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்த ஓர் ஆய்வு நிலையத்தில் இந்தக் கேள்வியைத்தான் ஒருவர் கையில் எடுத்தார்: காட்டில் அடங்கிக் கிடக்கும் புழு, மருந்தடித்த தோட்டத்தில் மட்டும் ஏன் ஆயிரக்கணக்கில் பெருகுகிறது?

பைக்குள் ஒரு வாழ்க்கை

புழுவை முதலில் பார்த்துவிடுவோம். மலாய்க்காரர்கள் இதை 'உலாட் புங்குஸ்' என்பார்கள். நாம் பைப்புழு என்று சொல்லலாம். செம்பனையைத் தாக்கும் பைப்புழுக்களில் மூன்று வகை முக்கியம். அவற்றுள் தீபகற்ப மலேசியாவில் அதிகம் பேசப்படுவது மெட்டிசா பிளானா.

முட்டையிலிருந்து வந்தவுடனேயே இது இலைத் துணுக்குகளைக் கடித்து, தன் வாயிலிருந்து வரும் பட்டு நூலால் ஒட்டி, உடம்பைச் சுற்றி ஒரு பை கட்டிக்கொள்கிறது. வளர வளரப் பையும் பெரிதாகிறது. தலையையும் முன்கால்களையும் மட்டும் வெளியே நீட்டி இலையின் மேல்தோலைச் சுரண்டித் தின்னும். சுரண்டப்பட்ட இடம் காய்ந்து பொத்தலாகும். புழு மிகுந்த தோப்பைத் தூரத்திலிருந்து பார்த்தால் தீ பட்டது போலப் பழுப்பேறிக் கிடக்கும்.

பெண்ணின் கதைதான் இதில் விசித்திரமானது. ஆண் புழு வளர்ந்து சிறகுள்ள அந்துப்பூச்சியாகிப் பறந்துபோகும். பெண்ணுக்குச் சிறகே கிடையாது. பையை விட்டு வெளியே வராமலேயே ஆணோடு சேர்ந்து, அதே பைக்குள் நூற்றுக்கணக்கில் முட்டை வைத்துவிட்டுச் செத்துப்போகும். சுமார் 18 நாளில் குஞ்சுப் புழுக்கள் பையின் வாய்வழியே இறங்கி நூலில் தொங்கும். காற்று அடித்தால் நூலோடு பறந்து பக்கத்து மரத்துக்குப் போகும். ஒரு தலைமுறை முடிய மூன்று மாதத்துக்குச் சற்று மேல் ஆகும்.

இலை போனால் என்ன, மரம் செத்தா போகிறது என்று கேட்கலாம். பெரும்பாலும் சாவதில்லை. செம்பனை மாதத்துக்கு இரண்டு புது மட்டை விடும் மரம், பச்சை திரும்பிவிடும். நட்டம் பிறகுதான் தெரியும். இன்று அறுக்கும் குலை, ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்கு முன் ஆண் பூவா பெண் பூவா என்று மரத்துக்குள் முடிவான ஒன்று. இலை இழந்து வாடிய மரம் ஆண் பூவையே அதிகம் விடும். கடுமையாகத் தாக்கப்பட்ட தோப்பில் அடுத்த இரண்டு ஆண்டு மகசூலில் மூன்றில் ஒரு பங்கும் அதற்கு மேலும் போய்விடும் என்பது மலேசிய ஆய்வுகளின் கணிப்பு. ஆகவே சும்மா விட்டுவிடு என்று யாரும் சொல்ல முடியாது. என்ன செய்வது, எப்போது செய்வது என்பதுதான் கேள்வி.

லாயாங்-லாயாங்கில் கிடைத்த விடை

1950களில் செம்பனைத் தோட்டங்களுக்கு டி.டி.டி., எண்ட்ரின், டீல்ட்ரின் போன்ற மருந்துகள் வந்தன. இவை தொடு நஞ்சுகள். பூச்சி இலையைத் தின்னாவிட்டாலும், மருந்து பட்ட இலைமேல் நடந்தாலே போதும், செத்துவிடும். ஒருமுறை அடித்தால் வாரக்கணக்கில் வீரியம் நிற்கும். வெட்டுக்கிளிக்கும் வண்டுக்கும் இவற்றை அடித்த தோட்டங்களில் சில காலத்துக்குப்பின் பைப்புழு பெருகியது. பைப்புழுவுக்காக மறுபடி அடித்தார்கள். மறுபடி பெருகியது.

கத்ரி என்ற தோட்ட நிறுவனத்தின் சேமாரா ஆய்வகம் லாயாங்-லாயாங்கில் ஒரு செம்பனை ஆய்வு நிலையம் நடத்தியது. அங்கே பூச்சியியலாளராக இருந்தவர் பிரையன் வுட். மருந்து போதவில்லை என்று அவர் நினைக்கவில்லை. மருந்தே காரணமாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டார். சந்தேகத்தைச் சோதிக்க அவர் தேர்ந்த வழி துணிச்சலானது. பைப்புழு அடங்கிக் கிடந்த ஒரு பகுதியில் வேண்டுமென்றே டீல்ட்ரினைத் திரும்பத் திரும்ப அடிக்கச் செய்தார். மருந்து பட்ட அந்தப் பகுதியில் பைப்புழு கிளம்பியது. பூச்சியைக் கொல்ல விற்கப்படும் மருந்தைக் கொண்டே பூச்சியை உண்டாக்கிக் காட்டிவிட்டார்.

எப்படி நடக்கிறது இது? பைப்புழுவைத் தோப்பில் அடக்கி வைத்திருப்பவை ஒட்டுண்ணிக் குளவிகள். நம் கண்ணுக்கு எறும்பு அளவேகூட இருக்காத இந்தக் குளவிகள் பையைத் துளைத்துப் புழுவின்மேல் முட்டையிடும். குளவிக் குஞ்சு புழுவைத் தின்றே வளரும். இவற்றோடு புழுவை உறிஞ்சிக் கொல்லும் நாவாய்ப்பூச்சிகளும், கல்லிமேரஸ் என்ற இரைதின்னி வண்டும், மழைக்காலத்தில் பூஞ்சையும் சேர்ந்துகொள்கின்றன. மருந்து விழும்போது புழு பைக்குள் பத்திரமாக இருக்கிறது. குளவி அப்படி இல்லை. புழுவைத் தேடி இலை இலையாக நடப்பதே அதன் பிழைப்பு. மருந்து பூசிய இலைமேல் நாள் முழுவதும் நடக்கும் உயிர் எது என்று பார்த்தால் விடை தெரிந்துவிடும். காவல்காரரைத்தான் நாம் கொல்கிறோம்.

இதே காலத்தில் சபா மாநிலத்தின் குவோயின் ஹில்லில், கொக்கோ தோட்டங்களில் கோர்டன் கான்வே என்ற இளம் பூச்சியியலாளர் இதே முடிவுக்கு வந்தார். 1961இல் அவர் சொல்லிப் பொதுவான மருந்தடிப்பை நிறுத்தினார்கள். ஒன்றன்பின் ஒன்றாகப் பூச்சிகள் அடங்கின. பைப்புழு கூடியபோது அதற்கு மட்டும் தனியாக டிரைகுளோர்ஃபான் அடித்தார்கள். ஜொகூரும் சபாவும் தனித்தனியே கண்டது ஒரே உண்மை. வுட் தன் அனுபவங்களைத் தொகுத்து மலேசியச் செம்பனைப் பூச்சிகள் பற்றி எழுதிய நூல் 1968இல் கோலாலம்பூரில் வெளிவந்தது. தோட்ட நிர்வாகிகள் பல ஆண்டுகள் கையிலேயே வைத்திருந்த நூல் அது.

கலிபோர்னியாவில் நால்வர் சேர்ந்து 1959இல் வெளியிட்ட ஆய்வுரைதான் ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மை என்ற கருத்துக்குத் தொடக்கம் என்று பாடநூல்கள் சொல்லும். இயற்கை எதிரிகளையும் மருந்தையும் எதிரெதிராக நிறுத்தாமல், ஒன்று மற்றதைக் கெடுக்காதபடி இணைப்பது அதன் சாரம். அதைத் தோட்ட அளவில், வெயிலிலும் மழையிலும் நடத்திக் காட்டிய ஆரம்ப இடங்களில் ஜொகூருக்கும் பங்கு உண்டு. இது தமிழில் அதிகம் சொல்லப்படாத செய்தி. அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்களில் பெரும்பங்கினர் தமிழர்கள் என்பதால் நமக்கு இது இன்னும் நெருக்கமானது.

எல்லாப் புழுவும் ஒரே வயது

மருந்து நின்றபின்னும் உடனே சமநிலை திரும்பிவிடாது. இதன் காரணம் எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த பகுதி.

குளிர்காலம் இல்லாத மலாயா மண்ணில், அமைதியான ஒரு தோப்பில் பைப்புழுவின் எல்லாப் பருவங்களும் எந்நேரமும் கலந்து இருக்கும். முட்டை, சின்னப் புழு, பெரிய புழு, கூட்டுப்புழு, தாய்ப்பூச்சி எல்லாம் ஒரே மட்டையில். குளவிகளுக்கு இது வசதி. ஒவ்வொரு வகைக் குளவியும் புழுவின் ஒரு குறிப்பிட்ட பருவத்தில்தான் முட்டையிடும். குளவியின் ஆயுள் புழுவின் ஆயுளைவிடக் குறைவு. ஆகவே எந்த வாரம் வெளியே வந்தாலும் தனக்கேற்ற புழு கிடைத்தால்தான் வம்சம் தொடரும்.

இப்போது ஒரு கடும் மருந்து விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பருவத்தில் இருந்தவை மட்டும் தப்பிக்கின்றன, பெரும்பாலும் பையை இறுக மூடிக்கொண்டு கூட்டுப்புழுவாக இருந்தவை. அவை எல்லாம் ஏறக்குறைய ஒரே சமயத்தில் முட்டையிடுகின்றன. அடுத்த தலைமுறை முழுக்க ஒரே வயது. தப்பிய சில குளவிகள் தேடி வரும்போது தோப்பு முழுவதும் முட்டைதான் இருக்கிறது, அவற்றுக்கு வேண்டிய பருவத்துப் புழு ஒன்றுகூட இல்லை. வாரக்கணக்கில் பட்டினி கிடந்து சாகின்றன. புழு தக்க வயதுக்கு வரும்போது குளவி இல்லை. எதிரியே இல்லாத தலைமுறை ஒன்று எழும்புகிறது. அதன் பிள்ளைகளும் ஒரே வயதாகவே பிறக்கின்றன. வெப்பமண்டலத் தோட்டப் பயிர்களில் பூச்சி அலை அலையாக வருவதற்கு வுட் தந்த விளக்கம் இது. பிற்பாடு கணித அறிஞர்களும் இதை எடுத்து ஆராய்ந்தார்கள்.

ஒரே வயதாக இருப்பது நமக்குப் பாதகம். ஆனால் அதிலேயே ஒரு வாய்ப்பும் இருக்கிறது. எல்லாம் சின்னப் புழுவாக இருக்கும் அந்த இரண்டு மூன்று வாரம் எது என்று தெரிந்துவிட்டால், மென்மையான மருந்தே போதும். அந்த வாரம் தவறிவிட்டால் எவ்வளவு கடுமையான மருந்தும் வீண்.

நஞ்சு போகும் பாதை

மருந்தைத் தேர்வு செய்யும்போது எவ்வளவு வீரியம் என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். கேட்கவேண்டியது, அது எந்த வழியாகப் பூச்சிக்குள் போகிறது என்பது. பைப்புழு இலை தின்னும், குளவி தின்னாது. இந்த ஒரு வேற்றுமையைப் பிடித்துக்கொண்டால் புழுவைக் கொன்று குளவியைக் காக்கலாம்.

வுட் காலத்தில் இதற்காகப் பழைய ஈய ஆர்சனேட்டைக்கூடத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அது தின்றால்தான் கொல்லும் வயிற்று நஞ்சு. குளவிக்கு நல்லது, மருந்தடிக்கும் மனிதருக்கு நல்லதல்ல. அடுத்து டிரைகுளோர்ஃபான் வந்தது. 1970களில் மரத்துக்கு ஊசி போடும் முறை பரவியது. அடிமரத்தில் சாய்வாகத் துளையிட்டு மோனோகுரோட்டோபாஸ் போன்ற ஊடுருவும் நஞ்சை ஊற்றித் துளையை அடைத்துவிடுவார்கள். சாறோடு மேலேறி மட்டைக்குப் போகும், தின்னும் புழு சாகும், இலைமேல் நடக்கும் குளவிக்கு ஒன்றும் ஆகாது. உயர்ந்த மரத்துக்கு இது ஏற்றது. ஆனால் மரம் மரமாகப் போய்த் துளையிட வேண்டும், ஆள்கூலி அதிகம், அந்த மருந்தோ மனிதருக்குக் கொடிய நஞ்சு. மலேசியாவில் அதைக் கையாளத் தனிக் கட்டுப்பாட்டு விதிகளே இருக்கின்றன.

இன்று முதலில் எடுக்கப்படுவது பேசிலஸ் துரிஞ்சியென்சிஸ், சுருக்கமாக பி.டி. மண்ணில் இயல்பாக வாழும் பாக்டீரியா இது. இது உண்டாக்கும் ஒரு புரதப் படிகம், காரத்தன்மை கொண்ட புழுவின் குடலில் மட்டும் கரைந்து குடலைப் பொத்தலாக்கும். நம் வயிறு அமிலம், அதில் இந்த வேலை நடக்காது. பைப்புழுவுக்குப் பயன்படும் குர்ஸ்டாகி வகை அந்துப்பூச்சிப் புழுக்களையே தாக்கும். குளவியையும் வண்டையும் விட்டுவிடும். மலேசியச் செம்பனை வாரியம் இதை 'எகோபேக்-1' என்ற பெயரில் தயாரித்திருக்கிறது. குறைகளும் உண்டு. வெயில் பட்டால் சில நாளில் வீரியம் போய்விடும். பெரிய புழுவிடம் அவ்வளவாகப் பலிக்காது. அடித்த அன்றே புழு விழாது என்பதால், மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து மறுநாளே வேறொன்றை அடித்துவிடும் ஆபத்தும் உண்டு. அடித்துவிட்டுப் பொறுத்திருக்கத் தெரிந்தவர்களுக்கான மருந்து அது.

வண்டைக் காப்பது ஏன் முக்கியம்? செம்பனை ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மரம், அதன் மகரந்தத்தைச் சுமக்கும் பூச்சி கூடவே வரவில்லை. மலேசியத் தோட்டங்களில் நெடுங்காலம் ஆட்கள் மரம் மரமாகப் போய் மகரந்தப் பொடி தூவ வேண்டியிருந்தது. ரஹ்மான் சையத் என்ற பாகிஸ்தானியப் பூச்சியியலாளர் கேமரூனில் ஆராய்ந்து எலாய்டோபியஸ் கேமருனிக்கஸ் என்ற சிறு கூன்வண்டே அந்த வேலையைச் செய்கிறது என்று காட்டினார். 1981 பிப்ரவரியில் அந்த வண்டு மலேசியாவில் முதன்முதலாக விடப்பட்டது, ஜொகூரின் குளுவாங்கில் உள்ள மாமோர் தோட்டத்தில்தான். அதன்பின் கைமகரந்த வேலை தேவையற்றுப் போயிற்று. ஆகவே இன்று பைப்புழுவுக்கு ஒரு தொடு நஞ்சை அள்ளித் தெளித்தால், குளவி மட்டுமல்ல, குலை பிடிக்க வைக்கும் வண்டும் போகும். அந்த இழப்பு எந்த மருந்துச் சீட்டிலும் எழுதப்படுவதில்லை.

எண்ணினால் என்ன சொல்லும்

இனி ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். தோட்டம் கற்பனை, முறை நடப்பில் உள்ளது.

குளுவாங் பக்கம் 20 ஹெக்டேர் செம்பனை, ஏறத்தாழ 50 ஏக்கர் என்று கொள்வோம். ஹெக்டேருக்கு 140 மரம் வீதம் 2,800 மரம். மட்டைகளில் பொத்தல் தெரிகிறது என்று மண்டோர், அதாவது மேற்பார்வையாளர், சொல்கிறார். பயந்துபோய் மருந்து கலக்குவதற்கு முன், நூறு மரத்துக்கு ஒன்று வீதம் 28 மரத்தில், மரத்துக்கொரு மட்டை வெட்டி இறக்குகிறோம். மட்டையின் இரண்டு பக்கமும் பைகளை எண்ணுகிறோம். மொத்தம் 420 பை. மட்டைக்கு 15.

மெட்டிசா பிளானாவுக்கு மட்டைக்கு 10 புழு என்பதை வுட் எல்லையாக வைத்தார். இதற்குப் பொருளாதாரச் சேத நிலை என்று பெயர். அதற்குக் கீழே புழு செய்யும் நட்டத்தைவிட மருந்துச் செலவு அதிகம், மேலே போனால் நட்டம் அதிகம். உடல் பெரிதான மகாசீனா என்ற இன்னொரு பைப்புழு வகைக்கு எல்லை 5தான். நம் தோட்டத்தில் 15 இருக்கிறது. அடிக்கலாமா?

இன்னும் இல்லை. பைகளைக் கத்தரித்துத் திறக்க வேண்டும். பெரும்பாலோர் விட்டுவிடும் வேலை இதுதான். திறந்தால் 84 பை வெறும் பை, முன் தலைமுறை விட்டுப்போனவை. மிச்சம் 336. அதில் 126 பைக்குள் புழுவோடு குளவியின் வெள்ளைப் புழுவோ கூடோ இருக்கிறது, அல்லது பூஞ்சை பிடித்துக் காய்ந்திருக்கிறது. அவை சாகப்போகிறவை அல்லது செத்தவை. உயிரோடு நலமாக இருப்பவை 210. மட்டைக்கு ஏழரை. எல்லைக்குக் கீழே. அதைவிட முக்கியமானது, ஐந்தில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவான பைகளில் எதிரிகள் புகுந்துவிட்டன. இப்போது மருந்தடித்தால் அந்த 126 பைக்குள் வளரும் அடுத்த குளவித் தலைமுறையைத்தான் முதலில் இழப்போம். இந்தப் பகுதிக்கு முடிவு: அடிக்காதே, இரண்டு வாரம் கழித்து மறுபடி எண்ணு.

அதே தோட்டத்தில் செம்மண் சாலையை ஒட்டிய இன்னொரு 20 ஹெக்டேர். லாரி போகும் தூசி மட்டைமேல் படிந்து கிடக்கிறது. தூசி படிந்த இலையில் குளவிகளால் சரியாகத் தேட முடியாது. இங்கே 28 மட்டையில் நலமான புழு மட்டும் 728. மட்டைக்கு 26. குளவிக் கூடு அங்கொன்றும் இங்கொன்றும்தான். பைகள் எல்லாம் சிறியவை, ஒரே அளவு. எல்லை கடந்துவிட்டது, காவலும் இல்லை, வயது இளசு. அடிக்க வேண்டும். இந்த வாரமே பி.டி. அடித்தால் எடுபடும். பத்து நாள் கழித்து மறு கணக்கு.

மூன்றாவது பகுதியில் கணக்கு இதே 26தான். ஆனால் பைகள் பெரியவை, வாய் மூடி இலையடியில் தொங்குகின்றன. கூட்டுப்புழுப் பருவம். இனி அவை எதையும் தின்னப் போவதில்லை. வயிற்று நஞ்சு, ஊடுருவும் நஞ்சு, பி.டி. மூன்றும் இங்கே பயனற்றவை. மட்டை பழுப்பாகி மனம் பதறுவதும் பெரும்பாலும் இந்தப் பருவத்தில்தான். எல்லாரும் மருந்துக்கு ஓடுவதும் இப்போதுதான். இங்கே செய்ய வேண்டியது வாராவாரம் சில பைகளைத் திறந்து, முட்டை பொரியும் நாளைப் பிடிப்பது. குஞ்சுப் புழு இறங்கி மேயத் தொடங்கிய பிறகு மருந்து.

ஒரே புழு, ஒரே பயிர், ஒரே உரிமையாளர். மூன்று முடிவு. இரண்டாம் மூன்றாம் பகுதிகளில் எண்ணிக்கையும் ஒன்றே. முடிவை மாற்றியது புழுவின் வயதும் குளவியின் இருப்பும்.

எலிக்கு வைத்த நஞ்சு

இந்தத் தர்க்கம் புழுவோடு நிற்பதில்லை. செம்பனைத் தோட்டத்தில் எலி பழத்தைக் கொறித்து எண்ணெயை இழக்கச் செய்கிறது. தீபகற்ப மலேசியாவில் அரிதாக இருந்த கூகைகள், 1960களின் இறுதியில் ஜொகூரின் செம்பனைத் தோட்டத்தில் கூடு கட்டத் தொடங்கின. எலி மிகுந்த இடத்தைப் பறவை தானே தேடி வந்தது. ஒரு இணை தன் குஞ்சுகளோடு ஆண்டுக்கு ஆயிரம் எலிக்கு மேல் தின்னும் என்று கணக்கிட்டார்கள். தோட்டங்கள் கம்பம் நட்டுப் பெட்டி வைத்தன. இப்போது 5 முதல் 10 ஹெக்டேருக்கு ஒரு பெட்டி என்பது பரவலான அளவு. நம் ஊரில் கூகை அலறினால் வீட்டுக்கு ஆகாது என்பார்கள். தோட்டத்துத் தமிழர்களே அந்தப் பெட்டிகளைக் கம்பத்தில் ஏற்றிவைத்தார்கள்.

1980களின் தொடக்கத்தில் எலிகளுக்கு வார்ஃபரின் என்ற பழைய மருந்து எடுபடாமல் போனது. புதிய தலைமுறை நஞ்சான புரோடிஃபாகம் வந்தது. ஒருமுறை தின்றால் போதும், எலி சாகும். ஆனால் சாவதற்குச் சில நாளாகும், அதுவரை தள்ளாடி நடக்கும். கூகைக்கு எளிதில் சிக்குவது அந்த எலிதான். நஞ்சு எலியின் ஈரலில் நீண்ட நாள் தங்குவதால் கூகைக்கும் போய்ச் சேரும். புதிய நஞ்சுக்கு மாறிய தோட்டங்களில் கூகைகள் கண்ணுக்குத் தெரியக் குறைந்ததை ஜே. ஈ. டக்கெட் 1984இல் பதிவு செய்தார். வுட் கண்ட அதே கதை, வேறு உயிர்களோடு.

இதனால் கூகை இருந்தால் நஞ்சே வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. எலி உச்சத்தில் பெருகிக் கிடக்கும்போது கூகை மட்டும் அதை இறக்காது. முதலில் கூகைக்கு அதிகம் கெடுதல் செய்யாத நஞ்சால் எண்ணிக்கையைக் குறைத்து, பிறகு கூகையிடம் விடுவது நடைமுறையில் தேறிய வரிசை.

செம்பனையைத் தாக்கும் இன்னொரு பூச்சியான காண்டாமிருக வண்டுக்கு வரிசையே வேறு. அது முட்டையிடுவது செத்து அழுகும் மரத்தில். பழைய மரத்தை வெட்டிச் சீவி, மேலே பயறு வகைக் கொடியை அடர்த்தியாகப் படரவிட்டால் வண்டுக்கு முட்டையிட இடம் கண்ணில் படாது. இதிலும் வுட்டின் ஆய்வுதான் முன்னோடி. கேரள ரப்பர் தோட்டங்களில் பெயர் பெற்ற முக்குனா கொடி 1990களில் மலேசியாவுக்கு வந்து இந்த வேலையைச் செய்கிறது. இந்த வண்டின் புழுவிலேயே நோய் பரப்பும் வைரஸ் ஒன்றையும் ஹ்யூகர் என்ற ஜெர்மானியர் 1963இல் மலேசியாவில் கண்டுபிடித்தார். தென்னையைக் காக்கப் பசிபிக் தீவுகளுக்கு அது அங்கிருந்து போயிற்று.

முதுகில் சுமந்தவர்கள்

எந்த மருந்தைத் தேர்வது என்ற கணக்கில் நெடுநாள் விடுபட்டுப்போன உயிர் ஒன்று உண்டு, மருந்து பம்பை முதுகில் சுமந்தவர். மலேசியத் தோட்டங்களில் நெடுங்காலம் இந்த வேலையில் இருந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள், அவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். 2002இல் தெனாகனிதா என்ற அமைப்பு இப்பெண்களிடம் நடத்திய ஆய்வை வெளியிட்டது. தோல் எரிச்சல், மூக்கில் ரத்தம், நகம் கழலுதல், பார்வை மங்கல் என்று பட்டியல் நீண்டது. அதிகம் பேசப்பட்டது பாராகுவாட் என்ற களைக்கொல்லி. அதற்கு மலேசியாவில் முழுத் தடை 2020 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது.

களைக்கொல்லி பூச்சிமருந்து இல்லையே என்று தள்ளிவிட முடியாது, இரண்டையும் சுமப்பது முதுகுதான். மட்டைக்கு 7.5 என்று எண்ணிவிட்டு அடிக்காமல் விட்ட ஒவ்வொரு சுற்றும், ஒரு பெண்ணின் மூச்சுக்குள் போகாமல் நின்ற நஞ்சு. பொருளாதாரச் சேத நிலையைக் கணக்கிடும்போது மருந்தின் விலையையும் கூலியையும் மட்டும் எழுதுகிறார்கள். அந்த உடம்பின் விலையையும் எழுதியிருந்தால் எல்லை எங்கே நின்றிருக்கும் என்பதைத் தோட்ட நிர்வாகங்கள் இன்றாவது கேட்டாக வேண்டும்.

காற்றுக்கு வேலி கிடையாது

இவ்வளவும் தெரிந்தபின் பைப்புழு ஒழிந்துவிட்டதா என்றால் இல்லை. பெருந்தோட்டம் ஒன்று எண்ணி, பார்த்து, தக்க வாரத்தில் பி.டி. அடிக்கிறது. பக்கத்தில் பத்து ஏக்கர் சிறுதோட்டக்காரர் ஒருவர் எண்ணுவதில்லை, அல்லது செலவுக்குப் பயந்து விட்டுவிடுகிறார். அவர் மரத்திலிருந்து குஞ்சுப் புழு நூலில் ஏறிக் காற்றோடு வருகிறது. இதனால்தான் 2013இல் மலேசிய அரசு, 1976ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் சட்டத்தின்கீழ்ப் பைப்புழுவை ஆபத்தான பூச்சி என்று அறிவித்தது. அதன்பின் தன் நிலத்தில் பைப்புழு பெருகினால் கட்டுப்படுத்துவது உரிமையாளரின் சட்டப்படியான கடமை.

சட்டம் ஒரு வேலையைச் செய்கிறது, இன்னொன்றைச் செய்யவில்லை. எல்லாரும் கட்டுப்படுத்துங்கள் என்கிறது. எல்லாரும் ஒரே வாரத்தில் எண்ணுங்கள் என்று சொல்லவில்லை. சிறுதோட்டக்காரர் அபராதத்துக்குப் பயந்து, கையில் கிடைத்த சைபர்மெத்ரின் போன்ற தொடு நஞ்சைக் கண்ட நாளில் அடித்துவிட்டால், அவர் தோப்பின் புழு ஒரே வயதாகி, குளவியற்ற ஒரு புது அலை அங்கிருந்தே கிளம்பும். செம்பனை வாரியத்தின் விரிவாக்க அதிகாரிகள் சிறுதோட்டக்காரர்களைக் குழுவாகச் சேர்த்துக் கணக்கெடுப்பு நடத்த முயல்வது இதற்காகத்தான். ட்ரோன் கொண்டு பல நிலங்களுக்குமேல் ஒரே நாளில் பி.டி. தெளிப்பதும் இப்போது நடக்கிறது. சாலையோரத்திலும் தோப்பின் எல்லையிலும் காசியா, டர்னேரா, இளஞ்சிவப்புப் பூக்கொடியான ஆண்டிகோனன் ஆகியவற்றை நடச் சொல்கிறார்கள். வளர்ந்த குளவி புழுவைத் தின்பதில்லை, தேன்தான் அதற்குச் சாப்பாடு. பூ இருக்கும் இடத்தில் அது கூடுதல் நாள் உயிரோடு இருந்து கூடுதல் புழுக்களில் முட்டையிடும்.

நாற்று வாங்கி நட அதிகச் செலவில்லை. டர்னேரா குச்சியை ஒடித்து வைத்தாலே வேர்விடும். ஆனால் தோட்டத்தில் களைக்கொல்லி அடிக்க வருபவருக்கு, அந்தச் செடி களையல்ல என்று ஒருவர் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.